திலிங்கிட் முறையில் முதல் ஆல்டர் கரண்டி: கேள்வியிலிருந்து எண்ணெய் வரை

இதில் சொல்லியிருப்பதை முழுதாகச் செய்து முடித்தால் உங்கள் கையில் இருக்கப்போவது ஆல்டர் என்ற மரத்தில் செய்த, சுமார் 30 செ.மீ. நீளமுள்ள ஒரு கரண்டியும், கோடு வரைந்து பழகிய ஒரு கட்டுத் தாளும்தான். தூண் கிடையாது, முகமூடி கிடையாது. தென்கிழக்கு அலாஸ்காவில், திலிங்கிட் என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியரிடம் நான் கற்ற வரிசை இது. அதன்பின் நான்கு குளிர்காலங்களாக அதே பட்டறையில் புதியவர்களுக்கு மரம் பிளந்து கொடுத்து, கத்தி தீட்டிக் கொடுத்து உதவி வருகிறேன்.

வருகிறவர்களில் பலர் தடுமாறுவது கைவேலையில் அல்ல, வரிசையில். முதலில் கத்தி வாங்குகிறார்கள், பிறகு மரம் தேடுகிறார்கள், மரத்தின் மேலேயே கோடு போடுகிறார்கள். செதுக்கி முடித்த பிறகுதான் "இந்த உருவம் யாருடையது?" என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும். அடுத்தது கோடு, அடுத்தது கருவி. மரம் அதற்கும் பிறகு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. திலிங்கிட் மக்கள் தங்களை லிங்கிட் என்கிறார்கள், மனிதர்கள் என்று பொருள். அதன் முதல் ஒலி தமிழில் இல்லை. ‘ல’ சொல்ல நாக்கை வைக்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் விட்டால் கிட்டத்தட்ட வந்துவிடும். வகுப்புக்குப் போகும் முன் இதைப் பழகிக்கொள்ளுங்கள். ஒருவருடைய கையிலிருந்து கலையை வாங்கிக்கொள்ளப் போகிறவர் அவர் இனத்தின் பெயரைச் சரியாகச் சொல்ல முயல வேண்டும்.

1. உருவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அது யாருடையது என்று கேளுங்கள்

புதியவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த அண்டங்காக்கையைச் செதுக்க வேண்டும்" என்பார். அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

திலிங்கிட் சமூகம் இரண்டு பக்கங்களாக அமைந்தது. ஒன்று அண்டங்காக்கைப் பக்கம், மற்றது கழுகுப் பக்கம் (இதை ஓநாய்ப் பக்கம் என்றும் சொல்வார்கள்). ஒவ்வொரு பக்கத்திலும் பல குலங்கள். பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். மரபுப்படி திருமணம் எதிர்ப் பக்கத்தில்தான். குலங்களுக்குச் சின்னங்கள் உண்டு: கிக்ஸ்அடி குலத்துக்குத் தவளை, தேஷீதான் குலத்துக்கு பீவர் (நீரில் வாழும் கொறிவிலங்கு), தக்லவேதி குலத்துக்கு ஓர்கா திமிங்கலம், காக்வாந்தான் குலத்துக்கு ஓநாய்.

இந்தச் சின்னங்கள் அலங்காரம் அல்ல. அவற்றை அட்ஊவ் என்பார்கள். உரிய விலை கொடுத்துத் தமதாக்கிக்கொண்டது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அந்த விலை பல நேரங்களில் ஒரு முன்னோரின் உயிர். செதுக்கிய பொருள் மட்டுமல்ல, ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு பெயர், ஒரு மலை அல்லது ஓடைகூட ஒரு குலத்தின் அட்ஊவாக இருக்கும். ஆகவே படத்தில் அழகாகத் தெரிந்த அந்தத் தவளையை எடுத்துச் செதுக்குவது, அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயரை எழுதுவதற்குச் சமம்.

இன்னொன்றையும் புரிந்துகொண்டால்தான் இந்தக் கலை எப்படி ஓடுகிறது என்பது பிடிபடும். ஒரு குலத்துக்குத் தூணோ தொப்பியோ வேண்டுமென்றால், மரபுப்படி எதிர்ப் பக்கத்துச் சிற்பியிடம்தான் கேட்பார்கள். இறந்தவர் நினைவாக நடக்கும் கூ ஈக் என்னும் பெருவிழாவில், எல்லோர் முன்னிலையிலும் அவருக்குக் கூலி கொடுத்து மரியாதை செய்வார்கள். செய்தவர் ஒரு பக்கம், உடையவர் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் கூடினால்தான் அந்தப் பொருள் முழுமை பெறும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், ஏனென்றால் ‘கையால் செய்தால்தான் மரபு’ என்ற எண்ணத்தோடு நிறையப் பேர் வருகிறார்கள். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் கிக்ஸ்அடி குலத்தின் ஸ்கல்பின் மீன் தொப்பி ஒன்று உடைந்த நிலையில் இருந்தது. குலத்தாரும் அருங்காட்சியகத்தாரும் சேர்ந்து அதை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, கணினி இயக்கும் இயந்திரத்தால் ஆல்டர் மரத்தில் புதிதாக ஒன்றைச் செதுக்கி, கையால் முடித்தார்கள். 2019இல் அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் சடங்கு நடத்தி அதைக் குலத்தின் புனிதப் பொருளாக்கினார்கள். இயந்திரம் செதுக்கியதுதான், ஆனாலும் அது உண்மையான அட்ஊவ். உரியவர்கள் கேட்டார்கள், எதிர்ப் பக்கத்தார் சாட்சியாக நின்றார்கள், சடங்கு நடந்தது. அதே தொப்பியை நீங்களோ நானோ பழைய கத்தியால் பத்து ஆண்டுகள் உட்கார்ந்து செதுக்கினாலும் அது வெறும் நகல்.

க்ளக்வான் என்ற திலிங்கிட் ஊரில், திமிங்கல வீடு எனப்படும் குல வீட்டின் தூண்களும் செதுக்கிய மரப் பின்திரையும் 1984இல் ஊரைவிட்டு எடுத்துச் செல்லப்பட்டன. ஊர்ப் பழங்குடி நீதிமன்றம் அவை திரும்ப வேண்டும் என்று 1993இல் தீர்ப்புச் சொல்லி, 1994இல் அவை வந்து சேர்ந்தன. குலத்தின் பொருளைத் தனி ஒருவர் விற்க முடியாது என்பதுதான் அந்த வழக்கின் அடிப்படை. தெற்கே அங்கூன் ஊரின் கதை இன்னும் கனமானது. 1882 அக்டோபரில் அமெரிக்கக் கடற்படை அந்த ஊரைக் குண்டுவீசி எரித்து, படகுகளையும் அழித்தது. தப்பிய ஒரு படகின் முகப்பில் இருந்த பீவர் சிற்பம் பிறகு நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போய், 1999இல்தான் தேஷீதான் குலத்திடம் திரும்பியது. கடற்படை மன்னிப்புக் கேட்டது 2024இல். ஒரு பீவர் முகத்தைப் ‘பழகிப் பார்க்க’ வரைகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, வெளியாள் என்னதான் செய்யலாம்? என் ஆசிரியர் வைத்த விதியையே தருகிறேன். முதல் ஆண்டு எந்த விலங்கும் இல்லாத கரண்டியும் கிண்ணமும் மட்டும். கோட்டு வடிவங்களைத் தாளில் பழகலாம். விலங்கு உருவமாகக் கூட்டி மரத்தில் வெட்ட வேண்டுமானால் உரியவரிடம் கேட்க வேண்டும். உங்கள் ஆசிரியர் வேறு விதி வைத்தால் அவர் சொல்வதுதான் சட்டம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தூண்களைக் ‘குலதெய்வத் தூண்’ என்று எழுதாதீர்கள். அவற்றை யாரும் கும்பிடுவதில்லை. குலச்சின்னத் தூண் என்றால் போதும். சில தூண்கள் இறந்தவரின் நினைவுக்கு நட்டவை, சில வீட்டின் உத்தரத்தைத் தாங்கியவை, சில கடனைத் திருப்பித் தராதவரை ஊரறியச் செய்ய நட்டவை.

2. கத்திக்கு முன் கண்ணைப் பழக்குங்கள்

பார்க்கத் தெரியாதவர் கை, தெரிந்த படத்தையே திரும்பத் திரும்ப வரையும். அதனால் ஒரு மாதமாவது பாருங்கள்.

நேரில் போக முடிந்தால், ஜூனோ கடற்கரையில் 2023 ஏப்ரலில் 12 தூண்களோடு திறந்த கூதீயா தேயி என்ற தூண்களின் பாதை நல்ல தொடக்கம். ஒவ்வொரு தூணும் யாருடையது என்று அங்கேயே எழுதியிருக்கும். வேலைப்பாட்டைப் படிக்க வேண்டுமென்றால் கெட்சிகன் ஊரில் உள்ள தூண் பாரம்பரிய மையம்தான் என் தேர்வு. ஆள் இல்லாத பழைய ஊர்களிலிருந்து மீட்ட 19ஆம் நூற்றாண்டுத் தூண்கள் அங்கே பூச்சு அடிக்காமல் நிற்கின்றன. வண்ணம் போய்விட்டதால் வாச்சி என்னும் செதுக்கு கருவி விழுந்த தடம் தெளிவாகத் தெரியும். பக்கத்தில் சாக்ஸ்மனில் நேதன் ஜாக்சன் போன்ற பெரும் சிற்பிகள் வேலை செய்த கொட்டகை இருக்கிறது.

போக முடியாதவர்கள் அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் பெரிய படங்களைப் பாருங்கள். ஒரே பொருளை மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை, கண்களை மட்டும் எண்ணுங்கள். கண் போன்ற வடிவம் முகத்தில் மட்டும் வராது. தோள், இடுப்பு, வால் என்று மூட்டு வரும் இடங்களிலும் வரும். இரண்டாம் முறை, கறுப்புக் கோட்டை விரலால் காற்றில் தொடருங்கள். எங்கும் அறுபடாமல் உடல் முழுவதும் ஓடும். மூன்றாம் முறை, பக்கவாட்டு வெளிச்சத்தில் கருவித் தடத்தைப் பாருங்கள்.

‘இது என்ன விலங்கு?’ என்று உடனே தேடுவது பொதுவான தவறு. இரண்டு பெரிய முன்பற்களும் கட்டம் போட்ட வாலும் பீவர், உயர்ந்த முதுகுத்துடுப்பு ஓர்கா, நேரான அலகு அண்டங்காக்கை, கீழ்நோக்கி வளைந்தது கழுகு. இந்தப் பட்டியல் ஒரு மணி நேரத்தில் மனப்பாடமாகிவிடும். ஆனால் விலங்கின் பெயர் தெரிந்துவிட்டால் பொருள் புரிந்துவிட்டது என்று ஆகாது. எந்தக் குலத்தின் எந்தக் கதை என்பதைச் சொல்ல வேண்டியவர் அந்தக் குலத்தார்.

3. தாளில் நூறு ஓவாய்டு

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். தாண்டியவர்களில் பலர் பின்னர் திரும்பி வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வடக்குக் கடற்கரைக் கலையின் அடிப்படை, தடித்தும் மெலிந்தும் ஓடும் ஒரு கோடு. இன்று எல்லோரும் அதை ஃபார்ம்லைன் என்கிறார்கள். 1965இல் பில் ஹோம் என்ற கலை ஆய்வாளர் பழைய பெட்டிகளையும் திரைகளையும் அளந்து ஆராய்ந்து, ஃபார்ம்லைன், ஓவாய்டு, யு வடிவம் என்ற சொற்களை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவர் திலிங்கிட் அல்லர். "பேர்தான் அவர் வைத்தது, கோடு எங்கள் பாட்டன்மாருடையது" என்பார் என் ஆசிரியர். திலிங்கிட், அண்டைப் பழங்குடிகளான ஹைடா, சிம்ஷியன் மூவருக்கும் இந்தக் கோட்டிலக்கணம் பெரும்பாலும் பொது.

ஓவாய்டு என்றதும் முட்டையை நினைக்காதீர்கள். மூலைகளைத் தேய்த்து மழுக்கிய செவ்வகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேல்கோடு லேசாக மேலே வளையும். கீழ்க்கோட்டின் நடுப்பகுதியும் மேல்நோக்கிச் சற்றுத் தூக்கும். மேல் மூலைகள் அகன்றிருக்கும், பக்கங்கள் கீழே வரும்போது சற்று உள்ளே போகும். காற்று நிறைத்த பை ஒன்றை மேசை மேல் வைத்தது போன்ற விறைப்பு அதில் இருக்க வேண்டும்.

வரையும் முறை: தடித்த அட்டையை இரண்டாக மடியுங்கள். மடிப்பை நடுக்கோடாக வைத்துப் பாதி வடிவத்தை மட்டும் வரைந்து வெட்டிப் பிரியுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக வந்துவிடும். அகலம் 9 செ.மீ., உயரம் 6 செ.மீ. என்று தொடங்குங்கள். பழைய சிற்பிகள் மரப்பட்டையில் வெட்டிய அச்சுகளை வைத்திருந்தார்கள், ஆகவே அட்டை அச்சு குறுக்குவழி அல்ல. கையால் வரைவதை வீரமாக நினைத்து இதைத் தவிர்ப்பவர்கள், இடது கண் ஒரு மாதிரி வலது கண் ஒரு மாதிரி என்று மாட்டிக்கொள்கிறார்கள்.

அச்சை வைத்து வெளிக்கோடு போட்டபின் உள்ளே இரண்டாவது கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட பட்டைதான் ஃபார்ம்லைன். மேலே தடிமனாக, பக்கங்களில் கொஞ்சம் குறைந்து, கீழே மிக மெல்லியதாக இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் வைத்தால் வண்டி டயர் போல ஆகிவிடும், உயிர் போய்விடும். நடுவில் இன்னொரு சிறிய ஓவாய்டு வரும். அது சரியான மையத்தில் அல்ல, சற்று மேலே தள்ளி நிற்கும். அதனால்தான் அந்தக் கண் எதையோ பார்ப்பது போல் இருக்கிறது.

அடுத்தது சந்திப்புகள். இரண்டு தடித்த கோடுகள் சேரும் இடத்தில் கறுப்பு திரண்டு கட்டியாகிவிடும். அந்தக் கனத்தைக் குறைக்கத்தான் பிறை போன்ற, அல்லது மூன்று முனை கொண்ட ஒரு சிறு வெற்றிடத்தை அங்கே விடுகிறார்கள். புதியவர்கள் இந்தப் பிறைகளை நகை போலக் கண்ட இடத்தில் தூவுகிறார்கள். கோடு சேராத இடத்தில் பிறைக்கு வேலையே இல்லை.

நிறத்துக்கும் வரிசை உண்டு: முதன்மைக் கோடு கறுப்பு, இரண்டாம் நிலை சிவப்பு, மூன்றாம் நிலை நீலப்பச்சை. அந்தக் காலத்தில் சால்மன் முட்டையை மரப்பட்டையோடு சேர்த்து மென்று, அந்தச் சாற்றில் நிறப்பொடியைக் குழைப்பார்கள். இன்று பெரும்பாலும் அக்ரிலிக். நீங்கள் பென்சிலும் கறுப்புப் பேனாவும் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு நாளைக்கு ஐந்து வீதம் நூறு ஓவாய்டு வரையுங்கள், தேதி போட்டு அடுக்குங்கள். முதலாவதையும் நூறாவதையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் எது தளர்ந்து கிடக்கிறது, எது விறைப்பாக நிற்கிறது என்பது தானே தெரியும்.

4. மூன்று கருவி, ஒரு சாணை

வேண்டியவை மூன்றே: முழங்கை வாச்சி, நேர்கத்தி, வளைகத்தி. நம் தச்சர்கள் வாச்சி என்று சொல்வதும் இதுவும் ஒரே குடும்பம். இதன் பிடி, மரக்கிளை கவை விடும் இடத்தின் இயற்கை வளைவிலிருந்து எடுத்தது. உங்கள் முன்கை நீளம் இருந்தால் சரி. வளைகத்தியில் இரண்டு ஓரமும் கூர் இருக்கும், அதனால் இழுக்கவும் தள்ளவும் முடியும். பல சிற்பிகள் பழைய அரத்தையும் வண்டியின் பட்டை வில்லையும் அடித்துத் தாமே கருவி செய்கிறார்கள். நீங்கள் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். கருவி செய்வது தனிக் கலை.

தீட்டுவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். வளைந்த அலகைக் கல்லில் தேய்த்தால் முனை உருண்டு கெட்டுவிடும். கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு, நீரில் நனைக்கும் உப்புத்தாளைச் சிறு உருளைக் குச்சியில் சுற்றி அதை அலகின் மேல் நகர்த்துங்கள். 400, 800, 1500, 2000 என்று படிப்படியாகப் போய், கடைசியில் தோல் பட்டையில் தேய்த்து மெருகு. வெட்டிய இடம் கண்ணாடி போல் பளபளத்தால் கூர் சரி. வெள்ளையாகக் கீறல் கோடு தெரிந்தால் அலகில் பல் விழுந்திருக்கிறது.

அரை மணி நேர வேலைக்கு ஒரு முறை கத்தியைத் தோல் பட்டையில் இழுங்கள். மழுங்கிய கத்தியை அழுத்துவதால்தான் காயங்கள் வருகின்றன. மரம் பிடிக்கும் கைக்கு வெட்டுத்தாங்கும் கையுறை, கத்திக் கையின் கட்டைவிரலுக்குத் தோல் உறை. இரண்டும் இல்லாமல் எங்கள் பட்டறையில் யாரையும் உட்கார விடுவதில்லை.

5. மரம்: ஈரமான செவ்வால்டர்

தூணுக்குச் செஞ்சீடர் (சிவப்பு சீடர் மரம்), துடுப்புக்கும் நுண்ணிய செதுக்கலுக்கும் மஞ்சள் சீடர் மரம், கரண்டிக்கும் கிண்ணத்துக்கும் முகமூடிக்கும் செவ்வால்டர் (சிவப்பு ஆல்டர்) என்று பொதுவாகச் சொல்லலாம். ஆல்டர் உணவில் வாசனை ஏற்றாது, ஈரமாக இருக்கும்போது வெண்ணெய் போல் வெட்டும், காய்ந்தபின் இறுகும். சீடரில் கரண்டி செய்தால் குழம்பு முழுக்க மர வாசம் அடிக்கும். தவிர, செஞ்சீடர் தூசு சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும். மூடிய அறையில் அதை உப்புத்தாள் போட வேண்டாம்.

வேண்டியது 15 முதல் 20 செ.மீ. குறுக்களவும் 40 செ.மீ. நீளமும் உள்ள, கணு இல்லாத, புதிதாக வெட்டிய துண்டு. ரம்பத்தால் அறுக்காமல் கோடரியும் ஆப்பும் வைத்துப் பிளந்தால் மரமே தன் நார் ஓட்டத்தைக் காட்டும். பிளந்த முகம் முறுக்கிக்கொண்டு போனால் அந்தத் துண்டை அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நட்டநடுவில் இருக்கும் தண்டுப் புள்ளியை முழுதாக நீக்க வேண்டும். அது உள்ளே இருந்தால் காயும்போது அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். புதியவர்களின் முதல் கரண்டி வெடிப்பதற்கு நான் பார்த்தவரை முக்கியக் காரணம் இதுதான். வெட்டிய சில நிமிடங்களில் ஆல்டர் ஆரஞ்சு நிறமாக மாறும். பயப்பட வேண்டாம், அது அதன் குணம். அன்றைய வேலை முடிந்ததும் துண்டைச் சிராய்களோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

6. வாச்சியால் உருவம் எடுத்தல்

பிளந்த முகத்தில் கரண்டியின் மேல்தோற்றத்தை வரையுங்கள்: கிண்ணம் 10 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், மீதி பிடி. பக்கத்தில் பக்கத்தோற்றத்தையும் வரையுங்கள். முதலில் பக்கத்தோற்றத்தை வெட்டி முடித்துவிட்டு அப்புறம்தான் மேல்தோற்றம். மாற்றிச் செய்தால் பக்கக் கோடு இருந்த மரம் முதலிலேயே போய்விடும், வளைவை ஊகத்தில் வெட்ட வேண்டி வரும்.

துண்டைத் தாழ்வான அடிமரத்தின் மேல் வையுங்கள். பிடிக்கும் கை எப்போதும் வாச்சி விழும் இடத்துக்குப் பின்னால் இருக்கட்டும். வீச்சு முழங்கையிலிருந்து வர வேண்டும். மணிக்கட்டைத் தளர விட்டால் வாச்சி தன் எடையிலேயே விழுந்து, தானே துள்ளி எழும். இறுக்கிப் பிடிப்பவருக்குப் பத்து நிமிடத்தில் கை வலிக்கும், வெட்டும் ஆழமாகிவிடும்.

உயரத்திலிருந்து பள்ளத்தை நோக்கித்தான் வெட்ட வேண்டும். கழுத்துப் பகுதியில் இரண்டு பக்கச் சரிவும் வந்து சேரும். அங்கே பள்ளத்தைத் தாண்டி ஒரே திசையில் வெட்டிக்கொண்டே போனால் நார் பிளந்து கிண்ணம் வரைக்கும் ஓடிவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சந்தியுங்கள்.

முதல் நாள் வாச்சியைப் பழைய மரத்துண்டில் மட்டும் போடுங்கள். ஒரே அளவுத் தடம் வரிசையாக விழும்வரை போடுங்கள். பழைய தூண்களிலும் கிண்ணங்களிலும் நீங்கள் பார்த்த அந்தச் சீரான அலைகள் இந்தப் பயிற்சியிலிருந்து வந்தவைதான். அவற்றை உப்புத்தாள் போட்டு அழிப்பது கையெழுத்தை அழிப்பது மாதிரி.

7. வளைகத்தியால் குழிவு

வெளிப்புறத்தை நேர்கத்தியால் ஒழுங்குபடுத்திய பிறகுதான் உட்குழிவு என்று சிலர் சொல்வார்கள். நான் பரிந்துரைப்பது வேறு: முதலில் உட்குழிவு, பிறகு வெளிப்புறம். வெளியே கனம் இருக்கும்போது பிடித்துக்கொள்ள வசதி. உள் வளைவு தெரிந்துவிட்டால் வெளிச்சுவரை அதற்கு இணையாகக் கொண்டுவருவதும் சுலபம்.

உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி வளைகத்தியைப் பிடியுங்கள். கட்டைவிரல் பிடியின் நுனியில் தாங்கட்டும். நாருக்குக் குறுக்காக, ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து வெட்டுங்கள். நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஏறாதீர்கள். அங்கே நார் எதிர்த்து நிற்கும், பிசிறு கிளம்பும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் கத்தி நழுவினாலும் உடம்பு வரை வராது.

மெல்லிய சிராய் சுருண்டு வந்தால் சரியாகப் போகிறது. பொடியாக உதிர்ந்தால் ஒன்று கூர் போய்விட்டது, அல்லது மரம் காய்ந்துவிட்டது.

ஈரத்தில் சுவர் 7 மி.மீ. அளவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவில் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஆர்வத்தில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அடியில் ஓட்டை போட்டவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள்.

8. காயவிடுதல்

வெடிப்பதற்குக் காரணம் வெளிப்புறம் வேகமாகவும் உட்புறம் மெதுவாகவும் காய்வது. கரண்டியைச் சிராய்களோடு காகிதப் பையில் போட்டுக் குளிர்ந்த மூலையில் இரண்டு வாரம் வையுங்கள். அடுப்புப் பக்கம், ஹீட்டர் பக்கம் வேண்டாம். சமையல் தராசில் இரண்டு நாளுக்கு ஒரு முறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது.

காய்ந்தபின் நேர்கத்தியாலும் வளைகத்தியாலும் மெல்லச் சீவி, சுவரை 4 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். இந்தக் கடைசிச் சீவலில் கத்தி இதுவரை இல்லாத கூரோடு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் உப்புத்தாளே தேவைப்படாது.

9. பிடியில் கோடு போடலாமா?

முதல் கரண்டியில் வேண்டாம். வெறும் பிடியே போதும். திலிங்கிட் கரண்டிகளில் செறிவான உருவங்கள் கொண்டவை மலையாட்டுக் கொம்பில் செய்த விருந்துக் கரண்டிகள். அந்த உருவங்கள் குலத்துக்கு உரியவை. அவற்றைப் பார்த்து மரத்தில் பின்பற்றினால் முதல் படியில் கேட்ட கேள்விக்கே திரும்ப வர வேண்டியிருக்கும்.

ஆசிரியர் அனுமதித்து ஒரு தனி ஓவாய்டு வெட்டுவதாக இருந்தால், அட்டை அச்சை வைத்து வரைந்து, நேர்கத்தியால் கோட்டின் மேல் செங்குத்தாக ஒரு வெட்டு, பிறகு உள்பக்கத்திலிருந்து சாய்வாக இன்னொரு வெட்டு. கோட்டுக்கு வெளியே ஒருபோதும் சாய்க்காதீர்கள், பட்டை மெலிந்து கோடு செத்துவிடும். ஆழம் 2 மி.மீ. தாண்ட வேண்டாம்.

10. எண்ணெய், பெயர், விற்பனை

வால்நட் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்து, ஒரு நாள் விட்டு மீண்டும் தேய்த்து, மூன்று முறை செய்யுங்கள். வால்நட் போன்ற கொட்டைகள் ஒத்துக்கொள்ளாதவர் உள்ள வீடு என்றால் உணவுத்தர மினரல் எண்ணெய். சமையல் எண்ணெய் காயாது, சிக்கு நாற்றம் பிடிக்கும். வார்னிஷ் வேண்டாம். கரண்டியை ஊற வைக்காதீர்கள். கழுவி உடனே துடையுங்கள்.

அடிப்பக்கத்தில் உங்கள் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். யாராவது கேட்டால் "திலிங்கிட் ஆசிரியர் ஒருவரிடம் கற்று நான் செய்தது" என்று சொல்லுங்கள். ‘திலிங்கிட் கரண்டி’ என்று சொல்லாதீர்கள். விற்பதாக இருந்தால் இது சட்டமும்கூட. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பழங்குடியினர் செய்யாத பொருளைப் பழங்குடிக் கலை என்று விற்றால், தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சுற்றுலாக் கடைகளில் வெளிநாட்டில் செய்த போலித் தூண்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றோடு போட்டி போட்டுத்தான் உள்ளூர்ச் சிற்பி பிழைக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் வாங்குபவராக இருந்தால், அலாஸ்கா பழங்குடிக் கலைஞர்களுக்கு மாநிலக் கலை மன்றம் வழங்கும் வெள்ளிக் கை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். செய்தவர் யார், எந்தக் குலம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

முதல் கரண்டியை விற்காதீர்கள், வீட்டிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். கற்றுக் கொடுத்தவரிடம் கொண்டுபோய் இரண்டு கையாலும் கொடுத்து "குனல்ச்சீஷ்" என்று சொல்லுங்கள். நன்றி என்று பொருள். என் முதல் கரண்டி இப்போதும் என் ஆசிரியர் வீட்டு அடுப்பங்கரையில் தொங்குகிறது. சால்மன் சூப் எடுத்து எடுத்து அதன் ஓரம் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது.